தேரன்றைக்கு ஒரு பக்கம் பத்தவில்லை

"தேரன்னைக்கு நான் சாப்பிட்டதை எழுத ஒரு பக்கம் பத்தலை மதினி."

ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜபாளையம் பஸ் கிளம்பக் காத்திருந்தபோது முன் சீட்டிலிருந்து இது காதில் விழுந்தது. பேசியவள் பருத்த பெண், கையில் நாற்பது பக்க நோட்டு. பக்கத்தில் மதினி, மடியில் பால்கோவாப் பொட்டலம்.

"அதுக்காக அம்புட்டையுமா எழுதுவ, ஏட்டி?"

"மூட்டு வலிக்கு எடை குறையணும், தின்னதை எழுதிட்டு வான்னு டாக்டரம்மா சொன்னாவல்லா? மொத மூணு வாரமும் ரெண்டு இட்லி, ஒரு கரண்டி சோறுன்னே எழுதினேன். மிஷின்ல ஏறினா ஒரு கிலோ கூடியிருக்கு. டாக்டரம்மா நோட்டையும் பாத்தாவ, என்னையும் பாத்தாவ. எனக்கே வெக்கமாப் போச்சு. அதான் தேரன்னைக்குப் புளியோதரை, அக்காரவடிசல், உங்க வீட்டு வடை ஏழு, ஒண்ணு விடாம எழுதிட்டேன். மறுநாள் பக்கமும் பாதி போச்சு."

"இன்னைக்குப் பாத்துட்டு ஏசினாவளா?"

"சிரிச்சாவ. 'இன்னைக்குத்தான் நீ நோட்டு எழுதியிருக்க'ன்னாவ."

மதினி பொட்டலத்தைப் பிரித்தாள்.

"அப்ப இதுல கை வைக்கமாட்ட."

"யாரு சொன்னா? செத்த இருங்க, எழுதிக்கிடுதேன்."

அவள் எழுதினாள். மதினி எட்டிப் பார்த்தாள்.

"பால்கோவான்னு மட்டும் போட்டிருக்க. எம்புட்டுன்னு போடலையே?"

"இடம் விட்டிருக்கேன் மதினி. ராஜபாளையத்துல இறங்கையில போடுதேன்."