அக்காவின் திரையில் சிவப்பு

தண்ணீர் வேண்டாம், ஐயா. என் பிழைப்பே அதுதான், பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

நான் எழுதிய மென்பொருள், நோய் உண்டாக்கும் ஒரு புரதத்தைக் கணினிக்குள் தண்ணீரில் மிதக்கவிடும். அதன் மேற்பரப்பில் எந்த இடத்துத் தண்ணீர் சுகமாக ஒட்டியிருக்கிறது, எந்த இடத்துத் தண்ணீர் இருப்புக்கொள்ளாமல் தவிக்கிறது என்று வெப்ப இயக்கவியல் கணக்குப் போடும். தவிக்கும் தண்ணீருக்குச் சிவப்பு, சுகமான தண்ணீருக்கு நீலம். சிவப்பைத் தள்ளிவிட்டு அங்கே மருந்தை உட்காரவைக்கலாம். நீலத்தில் கைவைத்தால் மருந்து ஒட்டாது.

மருந்து மூலக்கூறுகளை வடிவமைத்தவர் எங்கள் குழுத் தலைவி. எல்லோருக்கும் அவர் அக்காதான். அவருடைய சொந்தத் தம்பிக்கே அந்த நோய். மருந்து தேறினால் சோதனைக்கு முதல் ஆளாகத் தம்பியைச் சேர்த்துக்கொள்வதாக மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். அக்கா தினமும் என் மேசைக்கு வந்து, "என்ன தண்ணி, இன்னைக்கு யாரைத் தள்ளணும்?" என்பார். என் பட்டப்பெயர் தண்ணி. அதில் எனக்கு வருத்தமில்லை.

ஒரு கூட்டத்தில் மேலதிகாரிகள் என் மென்பொருளைப் பற்றி விசாரித்தார்கள். "அது சும்மா கலர் அடிக்கும், அவ்வளவுதான்" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று மாலை அக்காவின் திரையில் மட்டும் சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றினேன். கலரின் அருமை தெரியட்டும், ஒரு வாரத்தில் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். முதல் மூலக்கூறு ஒட்டாமல் போனதும் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் எங்க தப்பு பண்றேன்னு சொல்லுப்பா" என்றார். அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. பிடித்திருந்தது. ஒரு வாரம் இரண்டு வருடமானது.

தம்பி இறந்துபோனார். மருந்து கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று யார் அடித்துச் சொல்ல முடியும்? துக்க வீட்டில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கடைசி வரைக்கும் நீதான்டா கூட நின்ன. இனிமே நீதான் என் தம்பி."

"சரிக்கா" என்றேன். எனக்கும் அழுகை வந்தது, பொய்யில்லை.

தன் மூளை மழுங்கிவிட்டது என்று அக்கா வேலையை விட்டார். அடுத்து வந்தவரின் திரையில் நிறங்கள் சரியாகவே இருந்தன. அவருடைய மூன்றாவது மூலக்கூறே கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. எல்லாம் இந்த மென்பொருளால்தான் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னார். கைதட்டினார்கள். வாழ்த்த வந்த அக்கா அவருடைய திரையிலிருந்த புரதப் படத்தைத் தன் பழைய படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

நான்தான் மாற்றினேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மென்பொருளில் பிழை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. என் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை.