பொட்டு வைத்த கல்

திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். காக்கிச் சட்டைக்காரர் மடியில், தாளில் சுற்றிய வளைந்த தகடு ஒன்று இருந்தது.

"பொட்டு வைக்கத்தான் மாப்ள இந்த மூடியக் கழட்டுனேன்" என்றார் அவர்.

"என்ன மூடி?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"பட்டறையில கையில புடிச்சு இரும்பு ராவுற மிஷினு இருக்குல்ல? அதுல சுத்துற கல்லுக்கு மேல மாட்டுறது. ஆயுத பூசைக்குக் கல்லுக்குச் சந்தனம் குங்குமம் வச்சேன். திரும்ப மூடிய மாட்டுனா பொட்டு அழிஞ்சு போகும்னு அப்படியே விட்டுட்டேன்."

"சரி."

"மறுநா, எங்கூடப் பட்டறையில வேல பாக்குற செல்வம் அந்த மிஷின எடுத்தான். எப்பவும் கல்லத் தட்டிப் பாத்துட்டுத்தான் ஓட்டுவான். விரிசல் இருந்தா சத்தமே காட்டிக் குடுத்துரும். அன்னைக்கு, 'சாமிக்கு வச்சது, தட்டாதலே'ன்னு நான்தான் சொன்னேன்."

"கல்லு தெறிச்சிருச்சா?"

"எடது கண்ணு போச்சு."

பஸ் டவுனுக்குள் நுழைந்தது.

"மூடிய நீதான் கழட்டுனேன்னு அவுக வீட்ல சொல்லிட்டியா?"

"எங்கிட்டுச் சொல்ல? நான் பூசைய ஒழுங்காச் செஞ்சதாலதான் அடுத்த கண்ணு தப்பிச்சதுன்னு அவுக அம்மா என்னையக் கையெடுத்துக் கும்பிடுறாக. இன்னைக்கு ஆஸ்பத்திரியில வச்சு எப்படியும் அவுககிட்டச் சொல்லிரணும்னுதான் இதத் தூக்கிட்டு வாரேன்."

"ஆஸ்பத்திரி எறங்கு" என்று கண்டக்டர் இரண்டு முறை கூவினார். காக்கிச் சட்டைக்காரர் எழுந்திருக்கவில்லை.