செவலிக்கு மூணாந்தரம் ரத்தம்

இல்லீங்க டாக்டரம்மா, இன்னிக்கு நாயைப் புடிச்சுக் குடுக்க மாட்டேன். ஆபரேஷனுக்கு முன்னால ஒரு தரம் ரத்தம் எடுத்தீங்க, மறுநாளு ஒரு தரம் எடுத்தீங்க. இப்ப பதினாலாம் நாளும் ஊசியோட வந்து நிக்கிறீங்க. எங்க செவலி ஒடம்புல என்ன ஊத்தா இருக்குது, சொரந்துக்கிட்டே வர?

சொன்னீங்க, சொன்னீங்க, மறக்கல. பொட்டை நாய்க்குக் கர்ப்பப்பையை எடுத்தா ஒடம்புக்குள்ள துரு புடிக்கிற மாதிரி ஒண்ணு ஏறும், அப்பறம் ஒடம்பே அதை எறக்கிக்கும், எத்தனை நாள்ல எறங்குதுன்னு ரத்தத்துல பாக்கணும், அதான் உங்க படிப்புன்னு. பாருங்க, யாரு வேணாங்கறா? ஆனா நாய்க்குப் போயி தெனம் போனு! தின்னுச்சா, தண்ணி குடிச்சுதா, தையலை நக்குதா, ஒடம்பு சுடுதான்னு. மாரண்டஹள்ளி சந்தையில நின்னுக்கிட்டு, நக்கலீங்க, நக்கலீங்கன்னு நான் கத்துறேன், பக்கத்துல கத்திரிக்கா பொறுக்குறவ வாயைப் பொத்திக்கிட்டு சிரிக்கிறா.

ஆமா, கோவந்தான். கத்தாம என்ன பண்ணச் சொல்றீங்க?

நாயா? அதுக்கென்ன கேடு. அந்தா, மாட்டுக் கொட்டாய்ல வாலை ஆட்டிக்கிட்டு நிக்குது பாருங்க. ஒரே வாரத்துல கோழியைத் தொரத்திடுச்சு. அதைப் பாக்கப் பாக்கத்தான் எனக்கு வயிறு எரியுது.

எம் மருமவ சகாயமேரி இருக்காளே, போன தரம் உங்களுக்கு டீ வெச்சுக் குடுத்தாளே, அவதான். ரெண்டு புள்ளை போதும்னு அவளுக்கும் குடும்பக் கட்டுப்பாடு பண்ணி இன்னியோட பத்து நாளு. மூணாம் நாளு ஆஸ்பத்திரியில மாத்திரையைக் குடுத்து அனுப்பிச்சாங்க. அப்பறம் தின்னாளா, படுத்தாளான்னு ஒரு போனு உண்டா? நாலு நாளா காய்ச்சல். தையல் எடத்துல சீழு வேற. இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கந்தான் கெடக்குறா.

ஆஸ்பத்திரிக்கா? பஸ்ஸுல உக்கார முடியலீங்க அவளால. 108-க்குப் போன் போட்டா ஊரு கூடிரும், அவ அம்மா வூட்டுக்குச் சேதி போயிரும். அவங்க வந்தா மொத கேள்வியே, ஏன் இவளுக்குப் பண்ணுனீங்கன்னு கேப்பாங்க. நான் என்னன்னு சொல்றது?

நர்சு அன்னிக்கே சொல்லுச்சு. ஆம்பளைக்குப் பண்றது சுளுவு, வயித்தைக் கிழிக்க வேணாம், அன்னிக்கே வூட்டுக்கு வந்துறலாம்னு. எம்மவன் ஆரோக்கியராஜு சரின்னுட்டானுங்க. சட்டையெல்லாம் மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டான். நாந்தான் வாசக்கால்ல கையை விரிச்சுக்கிட்டு நின்னேன். தக்காளி லோடு ஏத்துறவன், அவன் ஒடம்புல கத்தி படக்கூடாது, பொம்பளைக்கு ஒண்ணும் ஆவாது, நான் பண்ணிக்கிட்டு எட்டாம் நாளே களை வெட்டப் போவலையான்னேன். மேரிதான் பையை எடுத்துக்கிட்டு எம் பின்னால வந்துட்டா. இப்ப அவன் லோடோட பெங்களூருக்குப் போயிருக்கான். காய்ச்சல்னு அவங்கிட்ட சொல்லவே எனக்கு வாய் வரல.

நாய் டாக்டர்தான், தெரியும்மா. அவளைத் தொட மாட்டீங்கன்னும் தெரியும். வெளிய நிக்குதே வண்டி, தருமபுரி ஆஸ்பத்திரி வரைக்கும் அதுல அவளைப் படுக்க வெச்சிக்குங்க. நானும் வரேன். அங்க யாரு கேட்டாலும் நானே சொல்லிக்கிறேன், மவனுக்கு வேணாம்னு தடுத்தது நாந்தான்னு.

மேரி... எந்திரி சாமி. மெதுவா. எந்தோளைப் புடிச்சுக்கோ.