பூசணம் வளர்த்த வகுப்பு

தப்பா சொல்லிடுவேனோன்னு பயமா இருக்கு சார். முன்னாடி நடந்ததைப் பின்னாடி சொல்லித் தொலைச்சா நீங்க அப்படியே எழுதிக்குவீங்க, அப்புறம் நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும். எட்டாவதோட நின்னவ நான். கொஞ்சம் நிதானமா எழுதிக்குங்க.

இல்ல சார், உக்காரல. அந்த நாற்காலியை இப்பத்தான் துடைச்சேன், ஈரம் காயல.

தட்டுகள் எப்படி நாசமாச்சுன்னுதானே கேக்குறீங்க? வர்றேன், அதுக்குத்தான் வர்றேன்.

இந்தக் காலேஜை நான் பத்தொன்பது வருஷமா கூட்டித் துடைக்கிறேன். போன வருஷம் ஒரு சுற்றறிக்கை வந்துச்சு. துப்புரவு வேலையில நீடிக்கணும்னா சான்றிதழ் வேணுமாம். இதே காலேஜ்ல சாயங்கால வகுப்புல மூணு பாடம் பாஸ் பண்ணணும். பிசினஸ், பணி அனுபவம், உயிரியல். ஒண்ணுல போனாலும் வீட்டுக்குப் போகணும். என் நாத்தனார் விழுந்து விழுந்து சிரிச்சா. ஏன் அண்ணி, தரை துடைக்கறதுக்குத் தவளை அறுக்கணுமான்னா. அவளுக்கென்ன, அவ புருஷன் சம்பாதிக்கிறார்.

பணி அனுபவம் டீச்சருக்கு என் பொண்ணு வயசு. முன் அனுபவம் இருக்காம்மான்னு கேட்டாங்க. பத்தொன்பது வருஷம்னேன். அதெல்லாம் படிப்புல சேர்றதுக்கு முன்னாடி, கணக்குல வராது, முதல்லேர்ந்து அறுபது மணி நேரம் செஞ்சு காட்டுங்கன்னாங்க. காட்டினேன் சார். அதே வராண்டா, அதே துடைப்பம், கழுத்துல மட்டும் மாணவின்னு ஒரு அட்டை.

பிசினஸ் சார் பலம், பலவீனம்னு ரெண்டு கட்டம் போட்டு நிரப்பச் சொன்னார். பலவீனத்துல முழங்கால்னு எழுதினேன். அப்படியெல்லாம் எழுதக் கூடாதும்மா, நேர மேலாண்மைன்னு எழுதுங்கன்னார். எழுதிட்டேன். வலி என்னமோ இன்னும் முழங்கால்லதான் இருக்கு.

உயிரியல் மட்டும் எனக்குப் பிடிச்சுது சார், சத்தியமா. அந்த டீச்சரம்மா ஆளுக்கொரு கண்ணாடித் தட்டு கொடுத்தாங்க, உள்ள ஜெல்லி மாதிரி ஒண்ணு. எங்கயாவது பஞ்சுக் குச்சியால தடவி, அதைத் தட்டுல இழுத்து, சூடான அலமாரியில வைக்கணும். கண்ணுக்குத் தெரியாத கிருமியெல்லாம் வளர்ந்து கண்ணுக்குத் தெரியுமாம். பாதி மார்க் அதுக்குத்தான். பக்கத்து சீட்டு பஸ் டிரைவர் தன் செருப்படியைத் தடவினார். நான் வைஸ் பிரின்சிபால்னு பலகை போட்ட உங்க ரூம் கதவுக் கைப்பிடியைத் தடவினேன். கோவிச்சுக்காதீங்க. என் தட்டுல ஒண்ணுமே முளைக்கல. பஞ்சு வைக்கறதுக்கு முன்னாடி வழக்கம்போல மருந்து போட்டுத் துடைச்சிருக்கேன், எனக்கே தெரியல.

போன வெள்ளிக்கிழமை காலையில ஏழு மணிக்கு அந்தக் கூடத்தைத் திறந்தேன். ஒரு வாடை. அலமாரியைத் திறந்தா... ஐயோ சார், பச்சை, கருப்பு, மஞ்சள், சிலதுல முடி வேற. தெரியும் சார், படிச்சவதான், பாடம்னு தெரியும். ஆனா அது சாயங்காலம் படிக்கிறவளுக்குத் தெரியும். காலையில கழுத்துல இருந்தது வேலைக்காரி அட்டை. கண்ணு பார்த்துச்சு, கை போயிடுச்சு. அதுவும் முந்தின நாள்தான் பணி அனுபவம் டீச்சர் எனக்கு மார்க் குறைச்சிருந்தாங்க, யாரும் சொல்லாம தானா முன்வந்து ஒரு வேலையும் செய்யறதில்லன்னு. முன்வந்தேன்.

பத்தொன்பது தட்டு தேய்ச்சு முடிச்சு அடுத்ததை எடுக்குறேன், அது ஏற்கெனவே சுத்தமா இருக்கு. யாருடா இவ்வளவு சுத்தக்காரின்னு புரட்டிப் பார்த்தா, அடியில என் பேரு. அப்பத்தான் சார் எனக்கு உறைச்சுது. கழுவினதெல்லாம் அடுத்தவங்க மார்க்கு.

மீதியா? இன்னும் ரெண்டு இருந்துச்சு. அதையும் கழுவிட்டேன். ரெண்டு மட்டும் அழுக்கா இருந்தா நல்லாவா இருக்கும்?

திங்கக்கிழமை வகுப்புல எல்லாரும் அலமாரியைத் திறந்து பார்த்து அப்படியே நின்னாங்க. டிரைவர் கண்ணுல தண்ணி. மூணு வாரமா வளர்த்தேங்க, பேரே வச்சிருந்தேன்னார். நான்தான்னு அங்கேயே சொல்லிட்டேன். அவர் திட்டல, வேற செருப்பு இருக்குன்னார். டீச்சரம்மாவும் திரும்ப வளர்க்கலாம்னு சொல்லிட்டாங்க. நீங்கதான் விசாரணைன்னு போட்டீங்க, வேலையை விட்டே தூக்கணும்னு சொன்னீங்களாம்.

மறைச்சேனா? நான் எங்க சார் மறைச்சேன்? கழுவின அன்னிக்கே எழுதிக் கொடுத்தேனே. எதுவா இருந்தாலும் எழுத்துல இருக்கணும்னு பிசினஸ் சார் சொல்லியிருக்கார். பணி அனுபவத்துக்கு வாராவாரம் ஒரு நாட்குறிப்பு எழுதி உங்க மேஜையில வைக்கிறோம்ல? அதுல எழுதினேன். உயிரியல் கூடத்தில் பூசணம் பிடித்த இருபத்தொரு தட்டுகளை யாரும் சொல்லாமல் நானே கழுவி வைத்தேன். தேதி, மணி, எல்லாம் போட்டிருக்கேன். வெள்ளிக்கிழமை சாயங்காலமே கையெழுத்தாகித் திரும்பி வந்துடுச்சு. கீழ உங்க கையால ஒரு வரியும் இருந்துச்சு சார். மிக நன்று, இவ்வாறே தொடரவும்னு.

படிக்காம போட்டீங்களோ என்னமோ, எனக்குத் தெரியாது.

தேடாதீங்க சார், நோட்டு இங்க இல்ல. எனக்குத்தான் எதுக்கெடுத்தாலும் பயமாச்சே. நேத்து அதை நகல் எடுத்து பிரின்சிபால் ஆபீஸ்ல கொடுத்து, வாங்கிக்கிட்டோம்னு முத்திரையும் வாங்கிட்டேன்.