சங்கத்துப் பேருல ஒரு வரி

இருங்க பெரிம்மா, முரளியோட சார்ஜர் ஒயர் சிக்கிக் கெடக்குது, எடுத்துத் தாரேன். டிபன் டப்பாவைப் பையில வெச்சுட்டேன். நிக்காதீங்க, அந்தச் சேர்ல உக்காருங்க. தலைவர் இன்னும் வரலீங்க.

இல்லீங்க, உங்க மகன் ஆரையும் எதுத்துப் பேசல. அப்படியா சொன்னாங்க? ஃபோன்ல நம்ம மிளகுச் சங்கத்துக்கு ஒரு பக்கம் இருக்குதுல்லீங்க, அதுல, தலைவர் பூபதி மிளகுல பப்பாளி விதை கலக்கறாருன்னு ஒரு வரி வந்துருச்சு. பத்து நிமிசந்தான் இருந்துச்சு. அதுக்குள்ள ஈரோட்டு யாவாரி பாத்துட்டு, லோடு வேண்டாம்னுட்டாரு. அதுல ஃபோட்டோ போடறது முரளிதானே, அவன்தான்னு முடிவு பண்ணி வேலையை விட்டு நிறுத்திட்டாங்க.

வேற எப்படிங்களா? ஃபோன்ல இருந்துதான் போடணும்னு இல்லீங்க. இந்தக் கம்ப்யூட்டர்ல நான் ஒரு புரோகிராம் எழுதி வெச்சிருக்கேன், தெனம் காலையில மிளகு விலையை அதுவே போட்டுரும். அதுக்கு டோக்கன்னு ஒண்ணு குடுப்பாங்க, எழுத்தும் நம்பருமா நீளமா இருக்கும். ஊட்டுச் சாவி மாதிரின்னு வெச்சுக்குங்க. அதை வெச்சு ஆரு எழுதுனாலும் சங்கமே பேசுன மாதிரி வரும். முரளிகிட்ட அது இல்லீங்க.

சோதிச்சுப் பாக்கறதுக்குன்னு ஒரு வெத்துப் பக்கம் தனியா வெச்சிருக்கேன். அதுக்கு வேற டோக்கன். புரோகிராம் எழுதற மத்தவங்க ஹலோன்னு போட்டுப் பாப்பாங்க. நான்... தலைவர் தெனமும் உள்ள வந்ததும், என்ன புள்ள, வாயை ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டியாம்பாரு. எல்லாரும் சிரிப்பாங்க. நானுந்தான் சிரிப்பேன். அப்பறம் இங்க உக்காந்து அந்தப் பக்கத்துல பதில் எழுதுவேன். தலைவர் வேட்டிய ஆடு மென்னுருச்சு, தலைவர் பல்செட்டு ஆகாய கங்கை அருவியில விழுந்துருச்சு, இப்படி. அதைப் படிச்சுட்டுச் சிரிக்கறது உங்க மகன் ஒருத்தன்தான்.

டீ குடிக்கறீங்களா? சரிங்க.

அன்னிக்கு அப்படி எழுதறப்ப டோக்கனை மாத்த மறந்துட்டேன். விலை போடற டோக்கன்தான் இருந்துச்சு.

மீட்டிங்குல தலைவர், பூங்குழலி உனக்கு எதாச்சும் தெரியுமான்னு கேட்டாரு. தெரியலீங்கன்னேன். முரளி என்னைப் பாத்தான். பப்பாளி விதைன்னு படிச்சப்பவே அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு வார்த்தை சொல்லல. ஊட்டுலயும் சொல்லலீங்களா?

இந்தாங்க சார்ஜர். எந்திரிக்காதீங்க பெரிம்மா. தலைவர் நாலு மணி பஸ்ஸுல வந்துருவாரு. நீங்க அந்தச் சேர்லயே இருங்க. நீங்க போயிட்டா எனக்கு மறுபடியும் தெரியலீங்கன்னுதான் வரும்.