வெயில் நாளில் ஓடின மீட்டர்

— நாற்பத்தாறா? காலையில ரெண்டுன்னுதானே சொன்னே?

— ரெண்டுதாங்க இருந்துச்சு. பிள்ளையைத் தூங்க வெச்சுட்டு வந்து பார்க்கறேன், நாற்பத்தாறு சர்வர் ஓடுது.

— இரு தாயே. டாக்சி ஓட்டற உன் புருஷனுக்குப் புரியற மாதிரி சொல்லு. அந்த சர்வர் எதுவும் நம்ம வீட்டுல இல்லையே?

— இல்லைங்க. எங்கேயோ ஒரு கம்பெனியோட கம்ப்யூட்டர். நாம வாடகைக்கு எடுத்திருக்கோம். மாச வாடகை கிடையாது. ஓடற நேரத்துக்குத்தான் காசு.

— என் வண்டி மீட்டர் மாதிரி.

— அதேதாங்க. இப்ப வாசல்ல நாற்பத்தாறு வண்டி நிக்குது, எல்லாத்துலயும் மீட்டர் ஓடுது.

— அத்தனை வண்டியை யாரு கூப்பிட்டா?

— நான்தான் அப்படிப் போட்டு வெச்சேன். நெட்ல நம்ம வெப்சைட் பக்கத்தைப் பார்க்க ஆளுங்க கூடினா சர்வரும் தானா கூடும். கூட்டம் கலைஞ்சா குறைஞ்சிரும். போன வெள்ளத்துல ஊர்ல எங்க அம்மா கூரை மேல ஏறி நின்னாங்களே, மறந்துட்டீங்களா? ஆத்துல தண்ணி எவ்வளவு, எந்த ரோடு திறந்திருக்குன்னு சொல்ல ஒரு நாதி இல்லை. அதுக்காகத்தானே இந்தப் பக்கத்தையே ஆரம்பிச்சேன். அந்த மாதிரி நாள்ல ஒருத்தரையும் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு உச்சவரம்பே வைக்கலை.

— நல்ல மனசுதான். கார்டு யாரோடது?

— உங்களோடது.

— வண்டித் தவணை போகுதே, அதுவா?

— அதேதாங்க.

— போச்சு. எவ்வளவு ஏறியிருக்கு?

— அதான் பயமா இருக்கு. இங்க காட்டற தொகை பழசு. கணக்கு சில மணி நேரம் கழிச்சுத்தான் வரும். இப்படியே பெருகிட்டுப் போனா, வண்டியை வித்தாலும் பத்தாது.

— தாயே, ஜன்னல் வழியா எட்டிப் பாரு. பொட்டு மேகம் இல்லை. டயர்ல தார் ஒட்டுது. இந்த வெயில்ல ஆத்துத் தண்ணியை எவன் பார்க்கப் போறான்?

— எனக்கும் அதாங்க சந்தேகம். போன மாசம் பாஸ்வேர்டைத் தெரியாம எல்லாரும் பார்க்கற இடத்துல போட்டுட்டேன். உடனே எடுத்துட்டேன். அதுக்குள்ள எவனோ சுட்டிருப்பான். அடுத்தவன் கார்டுல சர்வர் ஓட்டறதே சில பேருக்குப் பிழைப்பு.

— யாரு உள்ள வர்றாங்கன்னு பார்க்க வழி இல்லையா?

— இருக்கு. பதிவையெல்லாம் எடுத்துப் படிக்கணும். நேரம் பிடிக்கும்.

— அதுவரைக்கும் மீட்டர்?

— ஓடிட்டுத்தான் இருக்கும். ஐயோ, அறுபத்து மூணு ஆயிருச்சுங்க.

— நிறுத்தித் தொலை.

— நிறுத்தினா மட்டும் போதாது. சும்மா நின்னாலும், உள்ள சேர்த்து வெச்சிருக்கறதுக்கு வாடகை ஏறும்.

— வெயிட்டிங் சார்ஜ். நான் வாங்காததா.

— மொத்தமா அழிச்சாத்தான் எல்லாம் நிக்கும். ஆனா அழிச்சுட்டா, திரும்ப எழுப்ப ஒரு நாள் ஆகும்.

— ஒரு நாள் இல்லேன்னா குடியா முழுகிடப் போகுது?

— மனசு ஒப்பலைங்க.

— எனக்கு மட்டும் ஒப்புதா? வண்டி போச்சுன்னா பிள்ளைக்குப் பாலுக்கு எங்க போறது? யோசிக்காதே தாயே, அழுத்து.

— அழுத்திட்டேன். குறையுது. நாற்பது. பன்னெண்டு. ஒண்ணும் இல்லை. எல்லாம் போயிருச்சு.

— அப்பாடா. அந்தச் சொம்பை எடு, தொண்டை காய்ஞ்சு போச்சு. அது என்ன, உன் போன் சத்தமே இல்லாம மின்னுது?

— பிள்ளை முழிச்சுக்கும்னு குறைச்சு வெச்சிருந்தேன். அம்மாதான். அட, காலையில இருந்து எத்தனை தடவை கூப்பிட்டிருக்காங்க. இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன். சொல்லும்மா.

— பாப்பா, மேல மலையில விடிய விடியக் கொட்டித் தீர்த்துருச்சாம், அணையைத் திறந்துட்டாங்க. நம்ம தெருவே உன் பக்கத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் நடந்து வந்துட்டிருந்தோம், இப்ப அது திறக்கவே மாட்டேங்குது, தண்ணி முழங்காலுக்கு வந்திருச்சு, எந்தப் பக்கம் போறதுன்னு நீயே பார்த்துச் சொல்லு.