முதுகு காட்டி நிற்கும் பெண்

ஓவியத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஐயா. என் வீட்டுச் சுவரில் தொங்குவது காலண்டர் மட்டும்தான். துப்பறிவது என் தொழில். அதுவும் பெரும்பாலும் காணாமல் போன நாய்களைத் தேடுவது.

கண் டாக்டரின் மனைவி என்னைக் கூப்பிட்டபோது டாக்டர் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவர் வரைந்த படம் ஒன்றைக் காணோம். ஜன்னலோரம் முதுகு காட்டி நிற்கும் பெண், ஒரு தோளில் சரிந்த கூந்தல், பின்கழுத்தில் ஒரு மச்சம்.

"அது நான்தான் தம்பி. நாப்பது வருஷத்துல அவர் என்னை வரைஞ்சது அது ஒண்ணுதான். அது கிடைக்கலன்னா நான் எதுக்கு இருக்கணும்?" என்றார்.

சாப்பாட்டை விட்டுவிட்டார். தினமும் காலையில் போன் செய்வார். ஒன்றும் கேட்க மாட்டார். மூச்சுச் சத்தம் மட்டும் வரும். ஐந்து வாரம் நாயாய் அலைந்தேன்.

படம் இரண்டு தெரு தள்ளி ஒரு தையல் கடையில் இருந்தது. ஒளித்துக்கூட வைக்கவில்லை. மெஷினுக்கு மேலே ஆணியில் தொங்கியது.

"டாக்டரே குடுத்தது சார்," என்றார் தையல்காரர். "என் வீட்டுக்காரிக்கு அவர்தான் கண் ஆபரேஷன் பண்ணார். ஒரு படம் வரையணும்னு கேட்டார். நானும் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன். பின்னால எழுதியே குடுத்திருக்கார், பாருங்க."

பார்த்தேன். 'உன் படம் உன்னிடமே இருக்கட்டும், தங்கச்சி.' கீழே டாக்டரின் கையெழுத்து, தேதி. எனக்குத் தண்ணீர் எடுக்கத் தையல்காரரின் மனைவி திரும்பினார். பின்கழுத்தில் அந்த மச்சம்.

தையல்காரரே படத்தை இறக்கி, புதுத் துணி ஒன்றில் சுற்றி என்னிடம் கொடுத்தார். "அம்மாகிட்ட காட்டிட்டுக் கொண்டாங்க சார். அவங்க மனசு ஆறட்டும்."

என் அறைக்கு வந்து கதவைத் தாழிட்டேன். அந்த எழுத்தைப் படித்தால் அந்த அம்மா அன்றைக்கே போய்விடுவார் என்று தெரியும். பிளேடு எடுத்துச் சுரண்டினேன். முக்கால் மணி நேரம் ஆனது. படம் வரைந்த துணி கிழியக் கூடாதல்லவா. பிறகு, படம் எங்கே கிடைத்தது என்பதை மட்டும் போலீஸில் சொன்னேன். அதில் பொய் ஒன்றுமில்லை.

தையல்காரரைத் திருடன் என்று பிடித்துப் போனதும் அவர் மனைவி வந்து என் காலைப் பிடித்துக்கொண்டார். "பின்னால எழுதியிருந்துச்சே அண்ணா. நீங்க படிச்சீங்களே."

"நான் எதையும் பாக்கலம்மா," என்றேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

பதினோராம் நாள் தையல்காரர் சிறையில் தன் சட்டையைக் கிழித்துக் கம்பியில் தொங்கினார். துணி வேலை தெரிந்தவர்; முடிச்சு உறுதியாக இருந்ததாம்.

அந்த அம்மா அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நிம்மதியாக இருந்தார். படத்துக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுவார். "நீ என் வயித்துல பொறக்காத பிள்ளை," என்பார். ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன்; அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்கிறீர்கள். அந்த அம்மா போன வாரம் காலமாகிவிட்டார். இனிமேல் உண்மையைச் சொன்னால் யார் மனமும் நோகாது.